நாடகக் குழுவிலும் கபடி அணியிலும் ஒரே ஆண்டில் சேர்வோருக்கு

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் புதிதாக வந்து சேர்கிறவர்களில் பலர், நாடகக் குழுவில் சேர்வதா, விளையாட்டு அணியில் சேர்வதா என்று கேட்கிறார்கள். இரண்டிலும் சேரலாம் என்பதே என் பதில். பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் வந்து படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி நான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டிலும் இருந்து வருகிறேன். மேடைக்குப் போனாலும் களத்துக்குப் போனாலும் முதலில் கற்க வேண்டியவை, மூச்சை ஆளுவதும் உடன் நிற்பவரைக் கூர்ந்து கவனிப்பதும்தான். ஆகவே ஒன்றுக்காகச் செலவிடும் நேரம் மற்றொன்றுக்கும் உதவுகிறது. எங்கிருந்து தொடங்குவது, எதில் அதிகக் கவனம் செலுத்துவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டில் பேசுதல்

பெயர் கொடுப்பதற்கு முன் வீட்டில் பேசிவிட வேண்டும். பெற்றோரின் தயக்கம் பெரும்பாலும் விளையாட்டைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ இருப்பதில்லை; இருட்டிய பிறகு வீடு திரும்புவதைப் பற்றியே இருக்கிறது. எனவே பயிற்சி எப்போது முடியும், அதன் பிறகு எந்தப் பேருந்து, அது ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும், உடன் வருகிறவர் யார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். “டீச்சர் கூடவே நிப்பாவ, ஆறு மணி பஸ்ஸுல வந்துருதேன்” என்று வாயால் சொல்வதைவிட, அந்தத் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருப்பது அவர்களுக்கு அதிக நிம்மதியைத் தரும். மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே செலவு தடையாக இருக்காது. நேரம்தான் தடையாகலாம் என்பதால், கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தைய பேருந்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மாணவிகளுக்கு உடை குறித்த கேள்வியும் வரும். பயிற்சியின்போது கால் முழுவதையும் மறைக்கும் டிராக் பேன்ட் அணிய எங்கள் பள்ளியில் தடை இருந்ததில்லை. அம்மா அல்லது அப்பா ஒரு மாலையில் மைதானத்துக்கு வந்து, பயிற்சியைப் பார்த்து, ஆசிரியரிடம் நேரில் பேசிவிட்டுப் போனால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது

நாடகத்துக்குத் தமிழாசிரியரையும், விளையாட்டுக்கு உடற்கல்வி ஆசிரியரையும் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் கலைத் திருவிழா பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று விரிகிறது. விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் இருப்பதால், பிறந்த தேதிக்கான சான்றின் நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த உடனே முக்கிய வேடத்தையோ, கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகும் ரைடர் இடத்தையோ கேட்க வேண்டாம். ஒத்திகையில் வசனம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். நாடகம் முழுவதையும் எல்லாப் பாத்திரங்களின் பக்கமிருந்தும் அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாம் படி: மூச்சும் குரலும்

புதிதாக நாடகத்துக்கு வருகிறவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில் காட்டும் அக்கறையை முதல் சில வாரங்களுக்கு மூச்சின் மேல் காட்டினால், பின்னால் வரக்கூடிய பெரும்பாலான சிக்கல்கள் வராமலே போகும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மீது ஒரு பாடநூலை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது நூல் மேலெழ வேண்டும். தோள்கள் அசையக் கூடாது. விடும்போது ‘ஸ்ஸ்’ என்ற ஒலியைச் சீராக நீட்டி, நூல் மெல்ல இறங்குவதை உணர வேண்டும். நெஞ்சின் மேற்பகுதியால் மட்டும் மூச்செடுப்பவருக்கு நீண்ட வசனத்தின் நடுவிலேயே காற்று தீர்ந்துவிடும். தீர்ந்த காற்றை ஈடுகட்டத் தொண்டையை இறுக்கிக் கத்துவார். மறுநாள் தொண்டை கட்டிவிடும். வயிறு எழுந்து தாழும்படி மூச்செடுக்கப் பழகியவருக்குக் குரல் உயர்வதும் தாழ்வதும் தம் விருப்பப்படி நடக்கும்.

அடுத்த பயிற்சிக்கு வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ வேண்டும். என் ஆச்சிக்குக் காது சற்று மந்தம். அவர் திண்ணையில் இருக்க, நான் முற்றத்தின் மறுகோடியில் நின்று, கத்தாமல் வசனத்தைச் சொல்வேன்; அவர் தமக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தவறவிட்டவை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொற்களே. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது என்பதை மேடைக்குப் போகும் ஒவ்வொருவரும் மறவாமல் இருக்க வேண்டும். “நான் உன்னை மன்னிக்க மாட்டேன்” என்னும்போது மூச்சுக் குறைந்து ‘மாட்டேன்’ என்பது விழுங்கப்பட்டால், பாத்திரம் மன்னிக்கிறதா இல்லையா என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். நம் பள்ளிகளின் மேடை பெரும்பாலும் திறந்தவெளியில் பந்தலுக்குக் கீழே அமைவது. ஒன்றிரண்டு மைக்குகள்தான் இருக்கும். சாலையிலிருந்து ஹாரன் சத்தம் வரும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கே வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் காற்றை மிச்சம் வைத்திருப்பவருடைய கதைதான் பின்வரிசையைச் சென்றடைகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிய செய்தி அல்ல. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1918-இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் நம் வயதினரும் நம்மைவிடச் சிறியவர்களும் ஆவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் இரவெல்லாம் பாடியும் பேசியும் கடைசி வரிசை வரை அவர்கள் கதையைக் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தவை பழகிய மூச்சும் பிழையற்ற மனப்பாடமும்தான். நமக்கும் இவ்விரண்டு எட்டும் என்ற நம்பிக்கையை அது எனக்குக் கொடுத்தது.

இன்னொரு பள்ளிக்கூடம் நம் ஊர்க் கோயில் கொடையிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டு நடக்கும் இரவில் பந்தலின் முன்பக்கம் உட்கார்ந்து, முதன்மைப் பாடகரின் தலையையும் கண்களையும் மட்டும் கவனியுங்கள். அவர் இருந்த இடத்தை விட்டு எழுவதில்லை. ஆயினும் தலையைச் சற்றுத் திருப்பி, குரலின் கனத்தை மாற்றியே அண்ணனாகவும் தங்கையாகவும் மாறி மாறிப் பேசுகிறார். குடமும் உடுக்கையும் எங்கே அடங்க வேண்டுமோ அங்கே அடங்குகின்றன. பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்று போடும் இடம் ஒரு மாத்திரை கூடத் தவறுவதில்லை. 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் பிறந்த சத்திரம் புதுக்குளம் இந்தத் திருநெல்வேலிச் சீமையில்தான் இருக்கிறது. இவ்வளவு அருகில் இக்கலை இருக்கும்போது, நடிப்பைத் தொலைக்காட்சியிலிருந்து மட்டும் கற்க முயல்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் குறை என்று நினைக்கிறேன். பேச்சு வழக்குக்கும் இது பொருந்தும். கதை நாங்குநேரியில் நடக்கிறதென்றால், தேநீர்க் கடைக்காரர் “என்ன சொல்லுதிய?” என்றே கேட்கட்டும். நம் பேச்சை மேடையில் கூச்சமின்றிப் பேசுகிற மாணவரின் உடலும் தானாகவே இயல்பாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: களத்தில் முதல் மாதம்

கபடிக்குப் போகும் முன் நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. பிறர் உடலில் காயம் படாமலும் பிடி வழுக்காமலும் இருக்க ஏற்பட்ட விதிகள் இவை. கயிற்றைப் பற்றி மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் பகுதிப் பள்ளிகளில் கைக்கயிற்றின் நிறம் சாதியைக் காட்டும் அடையாளமாகப் பல காலமாக இருந்து வந்திருக்கிறது. களத்துக்காகக் கழற்றிய கயிற்றைப் பயிற்சி முடிந்த பிறகும் கட்டாமல் விட்டுவிடுங்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் கை கோத்து நிற்பவரை அந்த நிறத்தை வைத்து அளக்கும் பழக்கம் அணிக்குள் நுழைந்தால், அந்த அணியால் சேர்ந்து ஆட முடியாது.

ஆட்டத்தின் அளவுகளைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அணியில் 12 பேர். களத்தில் இறங்குவோர் 7 பேர். பாடிப் போகும் ரைடர் எதிரணிக் களத்தைத் தொடும் முன்பே ‘கபடி’ என்று பாட்டைத் தொடங்கி, நடுவர் காதில் விழும்படி ஒரே மூச்சில் பாடி, 30 வினாடிக்குள் திரும்ப வேண்டும். யாரையும் தொட முடியாவிட்டாலும், நடுக்கோட்டிலிருந்து ஆடவர் களத்தில் 3.75 மீட்டரும் மகளிர் களத்தில் 3 மீட்டரும் தள்ளியுள்ள கோட்டைக் கடந்துவிட்டுத்தான் திரும்பலாம். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு இருக்கிறது. எதிரணியில் குறைந்தது 6 பேர் நிற்கும்போதுதான் அதைக் கடந்ததற்கான புள்ளி கிடைக்கும். எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றினால் லோனாவுக்காகக் கூடுதலாக 2 புள்ளிகள் உண்டு.

புதியவர்கள் எல்லோரும் பாடிப் போகவே விரும்புகிறார்கள். பிடிப்பதை முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தடுப்பில் நிற்பவர் ஒரு மாலைக்குள் பலவகை ரைடர்களின் கால்களைப் பார்த்துவிடுகிறார். யார் எந்தக் காலை முன்வைத்து நுழைகிறார், யார் திரும்பும் முன் தோளை அசைக்கிறார் என்பது அவருக்குப் பழகிவிடுகிறது. பிறகு அவரே பாடிப் போகும்போது, பிடிக்கக் காத்திருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மூலையில் நின்று கணுக்கால் பிடியைப் பழகுங்கள்: ரைடர் தொடுவதற்கோ போனஸுக்கோ காலை நீட்டும் நொடியில், தாழ்ந்து, இரு கைகளாலும் கணுக்காலைப் பற்றி, காலை உயர்த்தித் தம் பக்கம் இழுக்க வேண்டும். முடியையோ உடையையோ பிடித்து இழுப்பதும், பாட்டை நிறுத்துவதற்காக வாயை மூடுவதும் தவறாட்டம்.

இதற்கெல்லாம் முன்பாக விழக் கற்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் மெத்தை விரிப்பு இருக்காது, கட்டாந்தரையில்தான் பயிற்சி. நிலைதடுமாறும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியக்கூடும். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தோளும் தொடையும் தரையில் படும்படி பக்கவாட்டில் விழுந்து உருள வேண்டும். மணல் கொட்டிய இடத்தில் முதலில் மண்டியிட்ட நிலையிலிருந்தும், பிறகு நின்றும், பிறகு ஓடியும் இதைப் பழகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் களம் சேறாகிவிட்டால் அன்று பிடிப் பயிற்சி வேண்டாம். வராந்தாவில் மூச்சுப் பயிற்சியையும் வசனத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படியில் சொன்ன மூச்சுப் பயிற்சி இங்கே நேரடியாகப் பயன்படும். ‘ஸ்ஸ்’ என்று நீட்டிப் பழகியவர், ஓடிக்கொண்டே பாடும்போது எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்பதை அறிந்தே அடுத்த அடியை வைக்கிறார். கபடி பாடிப் பழகியவருக்கு, மேடையில் சண்டைக் காட்சி முடிந்து மூச்சிரைக்கும்போதும் அடுத்த வசனம் உடையாமல் வருகிறது.

ஐந்தாம் படி: உடன் நிற்பவரைக் கவனித்தல்

என் பார்வையில் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்தப் படி. தொடக்க நிலையில் நடிப்பவர்கள், எதிரே நிற்பவர் பேசும் நேரத்தைத் தம் வசனத்தை நினைவுபடுத்திக்கொள்ளும் நேரமாகக் கருதுகிறார்கள். பார்வையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்வதாக இல்லாமல், தனித்தனியே ஒப்பிப்பதாக இருக்கும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒத்திகையில், எதிரே இருப்பவர் சொன்னதன் கடைசி இரண்டு மூன்று சொற்களை மெல்லிய குரலில் திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் வசனத்தைத் தொடங்குங்கள். சில நாட்களில் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டாலும் கேட்கும் பழக்கம் நிலைத்துவிடும். அவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டாலோ மறந்துவிட்டாலோ, கதையை அறுக்காமல் எடுத்துக்கொடுக்கவும் அப்போதுதான் முடியும்.

களத்தில் இதற்கு இணையானது கை கோத்து நிற்கும் சங்கிலிப் பிடி. இருவரில் ஒருவர் மட்டும் முந்திப் பாய்ந்தால், ரைடர் அவரைத் தொட்டுவிட்டு இடைவெளி வழியே திரும்பிவிடுவார். பயிற்சியில் வாய் பேசாமல், பக்கத்தில் இருப்பவரின் கை இறுகுவதையும் தளர்வதையும் மட்டும் கொண்டு முன்னேறவும் பின்வாங்கவும் பழகுங்கள். என் இணைத் தோழியின் விரல்கள் இறுகும்போது அவள் பாயப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னைப் பற்றி அப்படியே தெரியும். வகுப்பில் அதிகம் பேசிக்கொள்ளாத எங்களுக்கு இந்த அறிமுகம் களத்தில்தான் கிடைத்தது.

பாத்திரத்தைக் கவனிக்கவும் நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்குக் கிடைத்த பாத்திரம் காலையில் எழுந்ததும் என்ன செய்யும், யாருக்கு அஞ்சும், எதை யாரிடமும் சொல்லாது என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு பெண்ணாக நடிக்கும்போது நான் அப்படி எழுதினேன். கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் அவருக்கு, கொடுத்த பணம் திரும்பாவிட்டால் வேறு போக்கில்லை என்று எழுதிய பிறகு, அவருடைய கடுமையான வசனங்களை உரத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னேன். ஆசிரியர் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று முதல், யாராவது என்னிடம் கடுமையாகப் பேசினால், இவர் எதற்கு அஞ்சுகிறார் என்று என் மனம் முதலில் கேட்கிறது. எனக்குள் நேர்ந்த மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆறாம் படி: உடலைப் பேணுதல்

பயிற்சிக்கு முன் ஓர் ஏத்தன் பழமோ ஒரு கை அவித்த கடலையோ போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடவும் கூடாது, வசனம் பேசவும் கூடாது. தண்ணீரை ஒரே முறையில் குடிக்காமல் இடையிடையே குடியுங்கள். மெதுவோட்டத்தில் உடலைச் சூடேற்றிய பிறகே பிடிகளுக்குப் போக வேண்டும். கால் பிசகினால் உடனே தடவி நீவக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, துணியால் இதமாகக் கட்டி, காலை உயர்த்தி ஓய்வு கொடுங்கள். வீக்கம் குறையாவிட்டாலோ கால் ஊன்ற முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தலையில் அடிபட்டால், வலி இல்லை என்று தோன்றினாலும் அன்று ஆட்டத்தை விட்டு வெளியேறி மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நாட்களில் ஆடுவதும் ஓய்வெடுப்பதும் உங்கள் உடல்நிலையைப் பொறுத்தது. ஆசிரியரிடமோ மூத்த மாணவியிடமோ தயங்காமல் சொல்லலாம். பையில் எப்போதும் நாப்கின் இருக்கட்டும்.

ஏழாம் படி: பெயர் பட்டியலில் இல்லாதபோது

12 பேரில் 5 பேர் வெளியே உட்கார வேண்டும். நாடகத்திலும் ஒரே வசனமுள்ள வேடங்கள் இருக்கும். அந்த இடம் உங்களுக்கு வந்தால், வருத்தப்படுவதில் தவறில்லை. அன்று மாலை வீட்டில் சொல்லி வருந்துங்கள். மறுநாள் வேலையைத் தொடங்குங்கள். வெளியே இருப்பவர் எதிரணி ரைடர்களின் பழக்கங்களைக் குறித்து வைத்து, டைம் அவுட்டில் மூலையில் நிற்பவருக்குச் சொல்லலாம்; களத்தில் நிற்பவருக்கு அது முழுவதும் தெரிய வாய்ப்பு குறைவு. ஒரே வசனம் உள்ளவர், மேடையில் இருக்கும் மற்ற நேரமெல்லாம் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதராக வாழ வேண்டும். சந்தைக் காட்சியில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டே சண்டையைக் கவனித்த ஒரு ஏழாம் வகுப்புத் தங்கையால்தான் எங்கள் நாடகத்தின் அந்தக் காட்சி உண்மையானது.

எட்டாம் படி: நாட்களைப் பங்கிடுதல்

கலைத் திருவிழாவும் விளையாட்டுப் போட்டிகளும் கல்வியாண்டின் முதற்பாதியில் நெருங்கி வரக்கூடும். இரண்டின் தேதிகளையும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்து, மோதும் தேதி தெரிந்த அன்றே இரண்டு ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், உங்களுக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்த முடியாத இடத்துக்குப் போங்கள். முக்கிய வேடத்தை ஏற்றவர் அந்த வாரம் கபடியில் மாற்று ஆட்டக்காரராக இருக்கலாம். அணியின் ஒரே மூலைப் பிடிப்பாளர், நாடகத்தில் தம் இடத்துக்கு ஒருவரை முன்பே பழக்கி வைக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பொறுப்புகளைக் கைமாற்றுங்கள். வசனப் பிரதியை அசைவுக் குறிப்புகளோடு பதினொன்றாம் வகுப்பில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த வீட்டிலிருந்து எந்தச் சேலை, எந்தக் கடையிலிருந்து எந்தத் தராசு இரவல் வாங்கப்பட்டது, எது திருப்பித் தரப்பட்டது, எது இன்னும் பள்ளி அலமாரியில் இருக்கிறது என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். கபடிக் குறிப்பேட்டில், தொடர்ந்து ஆடப்போகும் ஒவ்வொருவரும் அடுத்து எந்தப் பிடியைப் பழக வேண்டும் என்பதை எழுதி, உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதுத்தேர்வுக்குப் படிக்கப் போங்கள்.